பழைய அளவு

மனிதனுடைய வாயைப் போல அருவருப்பான இடம் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது என்பது பல்செட்டுக்காரரின் தீர்மானமான கருத்து. சாக்கடையாவது ஒரு மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும், வாய் நாள் முழுக்க ஊறிக்கொண்டே கிடக்கும் என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எதிரே இருப்பவன் தானாகத் தன் வாயை மூடிக்கொள்வான். இப்படிப் பேசுகிற மனிதர் கால் நூற்றாண்டாக ஊராருடைய வாய்க்குப் பல் செய்துதான் சாப்பிடுகிறார் என்பது இதில் வேடிக்கை.

ஆனால் அவர் வேலைக்கு வாயைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கண்றாவியெல்லாம் டாக்டர் பாடு. டாக்டர் நோயாளியின் வாய்க்குள் ரோஸ் நிறப் பசையை அழுத்தி அளவெடுத்து, டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவார். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பட்டறைக்கு அது வந்து சேரும்போது அதில் எச்சில் இருக்கும். சில சமயம் ரத்தம் இருக்கும். அந்த ஆள் காலையில் என்ன தின்றான் என்பதற்கான சாட்சியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல்செட்டுக்காரர் இரண்டு ஜோடிக் கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சீ! சீ!" என்றபடி அதைக் குழாயடியில் கழுவி மருந்துத் தண்ணீரில் முக்குவார். பட்டறையில் அவருக்கு 'சீச்சீ' என்றே பெயர். அவர் காதில் விழாமல் சொல்லிக்கொள்வார்கள்.

கழுவிய அளவுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, அது இறுகி, வெள்ளை வெளேரென்று ஒரு தாடையின் அச்சு வெளியே வந்துவிட்டால் அப்புறம் அவர் வேறு ஆள். பிளாஸ்டர் எச்சில் விடாது, நாறாது, ஏப்பம் விடாது. அதன்மேல் மெழுகை வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முன்பல் ஒன்றை மட்டும் இம்மியளவு திருப்பிவிடுவார். அந்தத் திருப்பலில்தான் பொய்ப்பல் நிஜப்பல்லாகும். அவர் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஒருவரையும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற ஆசையும் இல்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். யாராவது சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். மனைவியை அவருக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அவள் வாயை மூடிக்கொண்டு மெல்லுவாள் என்பதே. இதை அவளிடம் பாராட்டாகவே பல தடவை சொல்லியிருக்கிறார். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் பல் போனதும் பெரிய சங்கடமாகிவிட்டது. ஒவ்வொன்றாக ஆடி, விழுந்து, மிச்சமிருந்ததையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு, உருளைக்கிழங்கை மசித்து, எதையும் கூழாக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது சத்தம் வரும், கடைவாயில் வழியும், நாக்கு வெளியே வந்து வழிந்ததை இழுத்துக்கொண்டு போகும். மகன் ஒருநாள் பார்த்தார், மறுநாள் பார்த்தார், அதற்கு மறுநாள் "எனக்கு வேலை இருக்கு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் பல்தான் இல்லை, புத்தி இருந்தது. "எனக்கு நேரத்தோட பசிச்சிடுதுப்பா, நான் முந்தியே சாப்பிட்டுக்கிறேன்" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்த ஏற்பாடு வீட்டில் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. கேட்கிற நமக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஊருக்கெல்லாம் பல் செய்கிறவருடைய அம்மா பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தாள் என்றால், அதற்காக அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. பல் பிடுங்கிய புண் ஆறியதும் டாக்டர் அவளுக்கு அளவெடுத்து அனுப்பினார். மகன் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார். பென்சிலால் 'அம்மா' என்று எழுதி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அடுத்த வாரம் செய்துவிடலாம் என்று வைத்ததுதான். அடுத்த வாரம் ஒரு வக்கீலுக்கு அவசரம். அதற்கடுத்த வாரம் மகளுடைய கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க வேண்டிய ஓர் அப்பாவுக்கு அவசரம். இப்படியே அச்சின்மேல் தூசி படிந்து, இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அம்மாவும் நச்சரிக்கிற ரகமில்லை. எப்போதாவது, "சாகறதுக்குள்ள ஒரு பிடி வேர்க்கடலை மென்னு தின்னணும்ப்பா" என்பாள். அவரும் "ஆகட்டும்மா" என்பார்.

நடுவில் ஒருநாள் டாக்டரே போனில் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, உங்கம்மா செட்டு என்னாச்சு? இன்னும் செய்யலையா? அப்ப அந்த அளவத் தூக்கிப் போட்டுடு. ஈறு தேஞ்சிருக்கும். புதுசா எடுக்கணும்."

"அவங்களால இப்ப உங்க மாடிப்படி ஏற முடியாதே டாக்டர்."

"நீயே எடுத்துக்கோ. பசை கலக்கத் தெரியாதா உனக்கு? தட்டு நான் குடுத்தனுப்பறேன். வாயில வச்சு அழுத்திப் பிடிக்க வேண்டியதுதானே."

குதிரை லாடம் மாதிரியான தட்டும் ஒரு பொட்டலம் பசையும் வந்து சேர்ந்தன. பல்செட்டுக்காரர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார். வைத்துவிட்டு, வாயில் வைத்து அழுத்திப் பிடிப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அந்த ஈறு, அந்த நாக்கு, விரல்மேல் வழியப்போகிற எச்சில்! பிறகு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். நேரமில்லையாம்! தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கிரிக்கெட் பார்க்க மட்டும் நேரம் எங்கிருந்தோ வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். அவர் முதலில் தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் விற்றார், அப்புறம் மனை விற்றார், அப்புறம் ஏதோ சத்து மாவு விற்றார். எதுவும் ஓடவில்லை. இப்போது 'நோக்கமுள்ள நாள்' என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். செருப்புக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, கிறீச்சிடும் மைக், மச்சானுடைய பளபளக்கும் கோட்டு. ஒவ்வொரு நாளையும் ஒரு நோக்கத்தோடு வாழ வேண்டும், ஏனோதானோவென்று வாழ்கிறவன் பிணம் என்பார். கூட்டம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இன்று எனக்கு ஒரு நோக்கம் உண்டு" என்று முழங்கும். காலையில் எழுந்ததும் அன்றைய நோக்கத்தைப் போன் குழுவில் அனுப்ப வேண்டும். சாயங்காலம் 'முடித்தேன்' என்று அனுப்ப வேண்டும். உடனே முப்பது நாற்பது கை தட்டுகிற படங்கள் வந்து விழும்.

பல்செட்டுக்காரரை அங்கே தள்ளிக்கொண்டு போனவள் மனைவிதான். "எங்கண்ணனுக்காக ஒரு வாரம் வாங்களேன், ஹால்ல ஆள் நிறையணும்ல" என்றாள். வேண்டா வெறுப்பாகப் போனார். முதல் வாரம் மைக்கில் பேசுகிறவர்களின் வாயோரத்து நுரையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வாரம் மெதுவாக ருசி தட்டியது. நோக்கம் என்பது ஒன்றும் பெரிய மலையைப் பிளக்கிற காரியமில்லை என்று தெரிந்துபோயிற்று. படுக்கையை மடிப்பது ஒரு நோக்கம். பச்சைத் தண்ணீரில் குளிப்பது ஒரு நோக்கம். சட்டை அலமாரியை நிறவாரியாக அடுக்குவது, ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றுவது, செருப்பு வைக்கிற பலகையைத் துடைப்பது. எல்லாம் சுத்தமான காரியங்கள். மாலையானால் 'முடித்தேன்' என்று தட்டிவிட்டு, வந்து விழுகிற கைதட்டல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மனிதருக்கு ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. பட்டறையில் டீ குடிக்கும்போது மற்றவர்களைப் பார்த்து, "இன்னைக்கு உன் நோக்கம் என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர்கள் டீயைக் குடித்து முடிப்பதே நோக்கம் என்றார்கள்.

அவர் சொட்டுகிற குழாயை நிறுத்திப் பெருமையடித்துக்கொண்டிருந்த அதே வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நோக்கம் வாழ்க! சொல்லவே நாக்கு கூசுகிறது.

மாதக் கடைசிக் கூட்டத்தில் மச்சான் ஒரு புதுச் சங்கதி வைத்திருந்தார். வெகுநாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் எழுந்து சபையில் சொல்ல வேண்டும். ஒருவர் சிகரெட் என்றார். ஒரு பெண் பாதியில் விட்ட படிப்பு என்றாள். பல்செட்டுக்காரர் முறை வந்தது. மைக்கைக் கையில் வாங்கியதும் அவருக்கு என்ன வந்ததோ, யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"எங்கம்மாவுக்குப் பல்செட்டு."

ஹாலில் ஒரு சலசலப்பு. மச்சான் விடுவாரா?

"கேட்டீங்களா! ஊருக்கே பல் செய்றவர். தன்னைப் பெத்த தாய்க்கு இன்னும் செய்யலை! எவ்வளவு தைரியம் வேணும் இதைச் சபையில ஒத்துக்க! தட்டுங்க கையை! மாப்ள, அடுத்த மாசம் இதே மேடையில அம்மாவக் கூட்டிட்டு வர்றீங்க. அம்மா சிரிக்கிறாங்க. நாங்க பாக்கறோம். சரியா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. போனில் பார்த்த கைகளெல்லாம் நிஜமாகத் தட்டுவதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குச் சமையலறையில் மருமகளிடம், "கடலைக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே வாங்கி வச்சா பூச்சி விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது தட்டையும் பசையையும் எடுக்க வேண்டியதுதானே? எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் அறை வாசல்வரை போனார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. தலையணையில் எச்சில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. இரண்டு நிமிஷம் பார்த்தார். தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும் என்று திரும்பிவிட்டார். மறுநாள் பட்டறையில் அலமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய அச்சை எடுத்துத் தூசி தட்டினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய அளவில் செட் செய்யக்கூடாது என்பது அந்தத் தொழிலில் கால் வைத்தவனுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். பல் போனபிறகு ஈறு தேய்ந்து உள்வாங்கிக்கொண்டே போகும். பழைய அச்சில் செய்த செட் ஈறில் தங்காமல் ஆடும். விளிம்பு நீண்டுபோய், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தோலை அறுக்கும். போன வருஷம் ஓர் இளம் டாக்டர் பழைய அளவை அனுப்பியபோது, "மனுஷன் வாய்னு நெனச்சியா, சோப்பு டப்பான்னு நெனச்சியா?" என்று போனில் காய்ச்சி எடுத்தவர் இதே பல்செட்டுக்காரர்.

பக்கத்து மேஜையில் மெழுகு வேலை செய்கிற அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது அந்தப் பழைய அச்சுதானே? பென்சில் எழுத்தே மங்கிடுச்சு."

"அதனால என்ன?"

"இல்ல, புது அளவு..."

"எங்கம்மா வாய் எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையப் பாரு."

மெழுகுக்காரம்மாள் தோளைக் குலுக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். வழக்கமாக மெழுகிலேயே ஒரு தடவை வாயில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவார்கள். அதையும் அவர் தாண்டிவிட்டார். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அம்மாவின் பழைய போட்டோவை எதிரே வைத்துக்கொண்டு, அவளுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்னச் சந்தைக்கூட விடாமல் கொண்டுவந்தார். ஈறின் நிறத்தைக் கலந்து கலந்து பார்த்தார். மெருகு போட்டு முடித்தபோது மெழுகுக்காரம்மாளே வாய்விட்டுச் சொன்னாள், இந்த மாதிரி ஒரு செட் இந்தப் பட்டறையில் வந்ததில்லை என்று. அழகென்றால் அழகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருக்கலாம்.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் சந்து எனக்கே மறந்துபோச்சுப்பா" என்றாள். உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பி, முகம் நிமிர்ந்து, பழைய அம்மா வந்து நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"எங்கயாவது குத்துதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வாயைத் திற, பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை. எந்த டாக்டரும், ஏன், செருப்புக் கடைக்காரன்கூட விரலை விட்டு அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவான். அவர் கேட்கவில்லை. குழுவில் 'முடித்தேன்' என்று அனுப்பினார். அன்றைக்கு வந்த கைதட்டல் அதுவரை வந்ததிலேயே அதிகம்.

படி ஏற முடியாத அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்தார்கள். "சிரிங்கம்மா!" என்றார் மச்சான். அம்மா உதட்டை இறுக்கிப் பிடித்தபடி சிரித்தாள். ஹால் எழுந்து நின்று தட்டியது. "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா, உங்க மகனைப் பத்தி!" என்று மைக்கை நீட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "சந்தோஷத்துல பேச்சே வரலை பாருங்க!" என்று மச்சான் குரல் தழுதழுக்கச் சொன்னார். முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். வாயைத் திறந்தால் கீழ்ச்செட் துள்ளி மடியில் விழுந்துவிடும் என்பது அந்த ஹாலில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் நாட்கள் போயின. மகன் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா பல்லோடு நிற்பாள். மாலையில் திரும்பும்போதும் பல்லோடு நிற்பாள். கேட்டால் தலையாட்டுவாள். சாப்பாடு மட்டும் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டுதான். "பழகிப்போச்சுப்பா" என்பாள். வாங்கி வைத்த வேர்க்கடலை டப்பாவில் அப்படியே இருந்தது.

"அத்தை மெலிஞ்சுக்கிட்டே போறாங்க, கவனிச்சீங்களா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். "நான் ஏதாவது கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க. கூழு கூட இப்ப பாதிதான் எறங்குது."

"இனிமே எதுக்குக் கூழு? நல்லா மென்னு திங்கச் சொல்லு. அதுக்குத்தானே செஞ்சு குடுத்தேன்" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு மச்சான் புதுப் பாடம் நடத்தினார். முடித்த காரியத்தின் பலனை அனுபவிக்காதவன் பாதிதான் முடித்தவன் என்றார். மேடையிலிருந்தே பல்செட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, அம்மா கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. காலையில் குழுவில் நோக்கத்தை அனுப்பினார்: 'இன்று அம்மாவோடு ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு.'

மேஜையில் நல்ல மொறுமொறுவென்று சுட்ட ரொட்டியும் பொரித்த மீனும் வந்தன. அம்மா கையைப் பிசைந்தாள்.

"நான் அப்பவே சாப்பிட்டேனேப்பா."

"எங்க சாப்பிட்டீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"உக்காரும்மா. இன்னைக்கு என் நோக்கமே இதுதான்" என்றார் மகன்.

அம்மா உட்கார்ந்தாள். மகன் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ரொட்டியில் ஓர் ஓரத்தை எடுத்துக் கடித்தாள். வாய்க்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் மகனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டாவது தடவை கடித்தாள். ரொட்டியை வாயிலிருந்து எடுத்தபோது, கடித்த இடத்தில் சிவப்பாகக் கோடு இழுத்திருந்தது. எச்சிலும் ரத்தமும் கலந்து தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

பல்செட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கழுவுகிற தொட்டிக்கு ஓடினார். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினார். அம்மா அதற்குள் இரண்டு செட்டையும் கழற்றி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. நாக்கக் கடிச்சுக்கிட்டேன். நீ சாப்பிடு."

"குடு இப்படி."

"கழுவித் தர்றேன் இரு."

அவர் முந்தானையைப் பிரித்து எடுத்துவிட்டார். கையுறை போடவில்லை என்பது அவருக்கே தோன்றவில்லை. செட்டின் உட்பக்கம் முழுக்கப் பஞ்சு. மருந்துக் கடையில் விற்கிற பஞ்சைக் கிழித்து, மடித்து, ஆடாமல் இருப்பதற்காக அடைத்து வைத்திருந்தாள். பஞ்சு பழுப்பேறி, ரத்தம் உறைந்து கறுத்து, நாறியது. அவர் விரலால் அதைப் பிரித்தெடுத்தார். வந்துகொண்டேயிருந்தது. ஈறு இந்த இரண்டு வருஷத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர் அளந்து பார்க்காமல் விட்டாரே, அவ்வளவும் அந்தப் பஞ்சின் கனத்தில் இருந்தது.

"எப்பலேருந்தும்மா இப்படி?"

"போட்ட நாள்லேருந்துதான்."

"அந்த மேடையிலயும் இப்படித்தானா?"

அம்மா மேஜையில் விழுந்த பஞ்சைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

"ஏம்மா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? இத்தனை நாளா வாயெல்லாம் புண்ணாக்கிக்கிட்டு!" அவருக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"சொன்னா நீ வாயத் தொறந்து பாக்கணுமே" என்றாள் அம்மா. "உனக்குத்தான் அது ஆகாதே."

குறையாகச் சொல்லவில்லை. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். மருமகள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பல்செட்டுக்காரர் கையில் அந்த அழகான பல்லோடு நின்றார். ஊரார் எச்சிலைப் பார்த்து எத்தனையோ தடவை குமட்டியிருக்கிறது. தன்னைப் பார்த்தே குமட்டுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. அது தொட்டிக்கு ஓடினால் தீர்கிற குமட்டலாக இல்லை.

"தொறம்மா" என்றார்.

"வேணாம்ப்பா, சாப்பிடற நேரத்துல. அப்புறமா பாத்துக்கலாம்."

"தொற."

அம்மா எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். அவருக்கு அருவருப்பாக இருக்கக் கூடாதென்று உதட்டையும் மோவாயையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பாதி திறந்தாள். உடனே கை தானாக வந்து வாயை மறைத்தது.

"நீ கண்ண மூடிக்கிட்டுப் பாருப்பா" என்றாள்.

அவர் அந்தக் கையை விலக்கினார். விரலை உள்ளே விட்டுக் கன்னத்தை ஒதுக்கினார். சூடாக, வழவழவென்று இருந்தது. கீழ் ஈறை ஒட்டி, விளிம்பு அறுத்த இடம் நீளமாக வெளுத்து, ஓரம் சிவந்து, நடுவில் காலையில் குடித்த கூழின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது, ஆனால் சத்தம் போடவில்லை. எச்சில் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் தலையைத் திருப்பி ஓங்கரித்தார். அம்மா, "போதும்ப்பா" என்று வாயை மூடிக்கொண்டாள். அவர் மறுபடியும் திறக்கச் சொன்னார்.